வீட்டோட மாப்பிள்ளைக் கள்ளி

சுந்தரபாண்டியபுரத்துக்கு எல்லாரும் சூரியகாந்தி பார்க்கப் போவார்கள். நான் ஒரு கள்ளிச் செடியைக் கூட்டிக்கொண்டு போனேன்.

அதுவும் எப்படி? பொதிகை எக்ஸ்பிரஸில், எவர்சில்வர் டிபன் பாக்ஸில், பழைய பேப்பர் சுற்றி. எதிர் பர்த் மாமி, "என்ன தம்பி, மைசூர்பாகா?" என்று ஆசையாகக் கேட்டார். மூடியைத் திறந்து காட்டினேன். செங்கல்பட்டு வருவதற்குள் அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார்.

உள்ளே இருந்தது 'மூன் கேக்டஸ்'. நர்சரிகளில் நீங்களும் பார்த்திருப்பீர்கள். கீழே மூன்று பட்டை வைத்த பச்சைத் தண்டு. அதன் தலையில் குங்குமச் சிவப்பில் ஒரு உருண்டை. பார்ப்பதற்கு ஒரே செடி. ஆனால் அது இரண்டு செடி!

1941-ல் ஜப்பானில் எய்ஜி வத்தனாபே என்பவர் விதை போட்டு வளர்த்த கள்ளிகளில் சில நாற்றுகள் சிவப்பாக முளைத்தன. பச்சையமே இல்லாத பிறவிகள். பச்சையம் இல்லாவிட்டால் வெயிலை வைத்துச் சமையல் செய்ய முடியாது. பட்டினி கிடந்து சாக வேண்டியதுதான். அதைப் பச்சைக் கள்ளி ஒன்றின் தலையில் ஒட்டுப் போட்டார். பிழைத்துக்கொண்டது. அந்த வம்சம்தான் இன்றைக்கு உலகம் பூரா ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறது. கீழே இருக்கிற பச்சைத் தண்டு பெரும்பாலும் டிராகன் பழக் கொடியின் இனம்.

"அப்போ வீட்டோட மாப்பிள்ளைன்னு சொல்லு. உழைக்கிறது மாமனார், தலைமேல உக்காந்து மினுக்கறது இவரு" என்றார் அப்பா. போன வருஷம் அவர் படுக்கையில் இருந்தபோது, பார்த்துக்கொண்டிருக்க ஏதாவது இருக்கட்டும் என்று 150 ரூபாய்க்கு வாங்கி ஜன்னலில் வைத்தேன். தினமும் காலையில் "மாப்பிள்ளை எழுந்தாச்சா?" என்று விசாரிப்பார்.

அப்பா போய்விட்டார். மாப்பிள்ளை இருந்தார். நான் மறந்துவிடுவேனோ என்று அம்மாவும், அம்மா மறந்துவிடுவாளோ என்று நானும், ஒருவருக்கொருவர் சொல்லாமல் ஆளுக்கு ஒரு தடவை தண்ணீர் ஊற்றியிருக்கிறோம். கள்ளிக்கு இதைவிடப் பெரிய துரோகம் கிடையாது. ஜூன் மாதம் பார்த்தால் மாமனார் அடியோடு அழுகிக் கொழகொழவென்று சாய்ந்திருந்தார்.

அதே வாரம் ஊரிலிருந்து சித்தப்பா போன். "நெலத்துக்கு ஆள் அமைஞ்சிருக்குலே. வந்து கையெழுத்துப் போட்டுட்டுப் போயிரு. வாங்குறவரு கள்ளி வேலிய ஜேசிபி வச்சு எடுத்துட்டு, கல்லுக்கால் நட்டு கம்பி போடப் போறாராம்."

தாத்தா வைத்த வேலி. ஒட்டுப் போட ஒரு தண்டு சென்னையில் கிடைக்காதா என்றால், கிடைக்கும். ஆனால் ஜேசிபி என்றதும் மனசு கேட்கவில்லை. டிபன் பாக்ஸைத் தேடினேன்.

*

இந்த இடத்தில் என் பைத்தியத்தைப் பற்றிக் கொஞ்சம். பி.காம். முடித்து, நாலு கம்பெனிக்குக் கணக்கு எழுதி, பிறகு பத்திரிகைக்கு எழுதிப் பிழைக்க வந்தவன் நான். மாதச் சம்பளம் கிடையாது. மாதக்கணக்கில் தண்ணீர் இல்லாமல் தாக்குப்பிடிக்கிற செடி என்றால் ஒரு அனுதாபம் வரத்தானே செய்யும்? இப்போது மொட்டை மாடியில் 42 தொட்டி.

முதல் தொட்டி வாங்கியது பிளாட்பாரக் கடையில். உச்சியில் மஞ்சள் பூ. மூன்று மாதம் வாடவே இல்லை! பார்க்கிறவர்களிடமெல்லாம் பெருமையடித்தேன். நாலாவது மாதம் பூ 'டக்'கென்று விழுந்தது. கீழே பசை. காய்ந்த பூவைச் சுடச்சுடப் பசை வைத்து ஒட்டியிருந்தார்கள். அன்றைக்குத்தான் கள்ளியை அடையாளம் பார்க்கப் படிக்க ஆரம்பித்தேன்.

"முள்ளுச் செடி வீட்டுக்கு ஆகாதுடா" என்பது அம்மாவின் நிரந்தர ஆட்சேபணை. ஆனால் துளசி மாடத்துக்குப் பக்கத்தில் அம்மாவே ஒரு 'பிரம்மகமலம்' வைத்திருக்கிறார். நடுராத்திரி வெள்ளை வெளேரென்று பூக்கும். கற்பூரம் காட்டுவார். பக்கத்து வீட்டு மாமிகள் செல்போனோடு வருவார்கள். அது கள்ளிக் குடும்பம். பூர்வீகம் மெக்ஸிகோ, குவாதமாலா பக்கம். இமயமலையில் இருக்கிற நிஜ பிரம்மகமலம் வேறு. இதைச் சொன்னால் "போடா, இதுல முள் எங்கே இருக்கு?" என்று ஒரே கேள்வியில் தாவர சாஸ்திரத்தைத் தள்ளுபடி செய்துவிட்டார்.

*

தென்காசியில் இறங்கினால் முதலில் வரவேற்பது காற்று. கோயில் கோபுர வாசலில் வேட்டியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். ஜூலை மாதம் என்பதால் சாரல். நனைகிறோமா இல்லையா என்று தீர்மானிப்பதற்குள் சட்டை ஈரமாகிவிடுகிறது.

அங்கிருந்து சுந்தரபாண்டியபுரம் சுமார் 10 கிலோமீட்டர். 'ரோஜா' (1992) படத்தில் கதாநாயகியின் ஊர் என்று சொன்னால் உங்களுக்குப் பிடிபடும். 'அந்நியன்' (2005) பாட்டுக்காகப் பெயின்ட் அடித்த பாறைகளும் இந்தப் பக்கம்தான். ஜூலை, ஆகஸ்டில் பஸ்ஸை விட்டு இறங்கினால் ஏக்கர் ஏக்கராக மஞ்சள். பின்னால் நீலமாக மலை. வரப்பில் வரிசையாகக் கேரளா நம்பர் கார்கள். ஒவ்வொரு பூவுக்குப் பக்கத்திலும் ஒரு செல்ஃபி.

சித்தப்பா வரப்பில் காத்திருந்தார். "வாலே. ராத்திரி தூங்கலியோ? மூஞ்சி வாடிக் கெடக்கு." டிபன் பாக்ஸை எட்டிப் பார்த்தார். "இதுக்காலே மெட்ராஸ்லேருந்து வந்திருக்க?"

சொன்னேன். அப்பா பேர் வைத்ததையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "கள்ளில கள்ளிய ஒட்டணும், அம்புட்டுதான?" என்று அரிவாளை எடுத்து வேலியில் ஒரு திருகுக்கள்ளியை ஒரே போடு போட்டார். பால் கொட்டியது.

"சித்தப்பா, அது ஆகாது! கையைக் கண்ணுல வச்சிராதீங்க!"

திருகுக்கள்ளி, சதுரக்கள்ளி, சப்பாத்திக்கள்ளி என்று மூன்றும் அந்த வேலியில் தோளோடு தோள் நின்றன. எல்லாவற்றுக்கும் நாம் 'கள்ளி' என்று ஒரே இனிஷியல் போட்டு வைத்திருக்கிறோம். ஆனால் முதல் இரண்டும் கேக்டஸ் கிடையாது. யூபோர்பியா, ஆமணக்குக்கும் மரவள்ளிக்கும் பங்காளி. தண்ணீர்ப் பஞ்சத்தில் வாழ்ந்ததால் இரண்டு குடும்பமும் ஒரே மாதிரி முள்ளும் சதையுமாக ஆகிவிட்டன. வேஷம் ஒன்று, ரத்தம் வேறு. ஒன்றின் மேல் ஒன்றை ஒட்டினால் ஒட்டாது.

கண்டுபிடிப்பது சுலபம். முள் எங்கிருந்து கிளம்புகிறது என்று பாருங்கள். கேக்டஸ் என்றால் முள் கொத்துக்கு அடியில் பஞ்சுப் பொட்டு மாதிரி ஒரு குட்டி மெத்தை இருக்கும். முள், பூ, கிளை எல்லாம் அதிலிருந்துதான். யூபோர்பியாவுக்கு மெத்தை கிடையாது. முள் பெரும்பாலும் ஜோடி ஜோடியாக நிற்கும். கீறினால் பால் வரும். பாலை மட்டும் நம்பித் தீர்ப்பு சொல்லக்கூடாது. மாமில்லேரியா என்ற கேக்டஸ் வகையிலும் சிலது பால் வடிக்கும்.

"அப்ப சப்பாத்திதான் உன் ஆளா? அது எந்த ஊரு?" என்றார் சித்தப்பா.

"அமெரிக்கா."

"போலே! எங்க அய்யா காலத்துலேருந்து நிக்குது. பழம் தின்னு வாயெல்லாம் செவப்பாக்கி உங்கப்பன் அடி வாங்கிருக்கான்."

ஆனால் உண்மை அதுதான். 1,500-க்கும் மேற்பட்ட கேக்டஸ் இனங்களில் அமெரிக்கக் கண்டங்களைத் தாண்டி, இலங்கையிலும் ஆப்பிரிக்காவிலும் தானாக வளர்வது ஒன்றே ஒன்று. மற்றதெல்லாம் கப்பலேறி வந்ததுதான். அந்த வேலியில் சுதேசி திருகும் சதுரமும், சப்பாத்தி விருந்தாளி. அட, பின்னால் செல்ஃபிக்கு நிற்கிற சூரியகாந்தியே வட அமெரிக்காவிலிருந்து வந்ததுதானே!

*

சப்பாத்தி மட்டையில் ஒரு இடத்தில் வெள்ளையாகப் பஞ்சு ஒட்டியிருந்தது. நகத்தால் நசுக்கினேன். விரல் ரத்தச் சிவப்பாகிவிட்டது. சித்தப்பா பதறிவிட்டார். ரத்தமில்லை, பூச்சி. அந்தச் சிவப்புக்குப் பின்னால் ஒரு கம்பெனிக் கணக்கே இருக்கிறது.

துணிக்குச் சிவப்புச் சாயம் போடுகிற காச்சினீல் பூச்சி வளர்வது சப்பாத்திக்கள்ளியில். அந்த வியாபாரம் ஸ்பெயின்காரர் கையில் இருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வயிற்றெரிச்சல். 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற டாக்டர் நம் சைதாப்பேட்டையில் இதற்காகவே கள்ளித் தோட்டம் போட்டார். 1795-ல் நீல்ஸன் என்ற கேப்டன் ரியோ டி ஜெனீரோவிலிருந்து கல்கத்தாவுக்குப் பூச்சி கொண்டுவந்தார். வந்தது தப்பான பூச்சி! சாயம் மட்டம், செடியைத் தின்பதில் மட்டும் சூரன். பிளாட்பாரத்தில் பூவை நம்பி ஏமாந்தவன் நான் ஒருவன்தான் என்று நினைத்திருந்தேன். கம்பெனியே ஏமாந்திருக்கிறது.

செலவு வரவானது பிறகுதான். கள்ளி காடாக மண்ட ஆரம்பித்ததும், 1863-லிருந்து 1868-க்குள் அதே பூச்சியை வடக்கேயிருந்து தெற்கே கொண்டுவந்து விட்டார்கள். வேண்டாத செடியைப் பூச்சி விட்டு அழித்ததில் உலகத்திலேயே ஆரம்ப முயற்சிகளில் ஒன்று அது. ஆனால் அந்தப் பூச்சிக்கு ஒரு ஜாதிக் கள்ளிதான் ருசித்தது. இன்னொரு ஜாதி பாட்டுக்குப் பரவியது. 1926-ல் இலங்கையிலிருந்து வேறொரு பூச்சி வந்தது. ஐந்தாறு வருஷத்தில் தென்னிந்தியாவில் சுமார் 40,000 ஹெக்டேர் கள்ளிக்காடு காலி. எப்படியோ தப்பிய மிச்சம் மீதிதான் இன்றைக்கு வேலியோரங்களில் நிற்கிறது.

"அம்புட்டையும் தாண்டி நின்னுருக்கு, பாத்துக்க. இப்ப ஜேசிபி வருது" என்றார் சித்தப்பா.

*

பூச்சியில்லாத மட்டையாக மூன்று வெட்டினோம். முறைப்படி, வேர் பிடித்த செடியில்தான் ஒட்டுப் போட வேண்டும். எனக்கு அவகாசம் இல்லை. சித்தப்பா வீட்டுத் திண்ணைதான் ஆபரேஷன் தியேட்டர். புது பிளேடு, கொஞ்சம் ஸ்பிரிட், நாலு ரப்பர் பேண்ட்.

முதலில் மாப்பிள்ளையின் அடிப்பாகத்தைப் பழுப்புப் புள்ளி மறையும் வரை சீவினேன். பெரிய உருண்டை பாதியாகிவிட்டது. அதன் இடுப்பில் பட்டாணி அளவுக்கு ஒரு குட்டி இருந்தது. அதைத் தனியே எடுத்து வைத்தேன்.

அடுத்து மட்டையின் உச்சியை மட்டமாக வெட்ட வேண்டும். ஓரத்தைச் சுற்றிலும் லேசாகச் சாய்த்துச் சீவ வேண்டும். இல்லாவிட்டால் நடுச் சதை காய்ந்து உள்வாங்கும்போது ஓரத்துத் தோல் தூக்கிக்கொண்டு மேலே இருப்பவரைத் தள்ளிவிடும். வெட்டிய இடத்தில் ஒரு வளையம் தெரியும். அதுதான் தண்ணீர் லைன். மேல் செடியிலும் ஒரு வளையம் உண்டு. இரண்டும் ஒரு இடத்திலாவது தொட வேண்டும். நட்டநடுவில் வைத்தால் சின்ன வளையம் பெரிய வளையத்துக்குள் விழுந்து, தொடாமலே போகலாம். கொஞ்சம் தள்ளி வைப்பதே புத்திசாலித்தனம். லேசாக அழுத்தி, காற்றில்லாமல் திருகி, ரப்பர் பேண்ட் போட வேண்டும். பத்து நாள் நிழல். வெட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் படக்கூடாது.

ஒரு மட்டையில் பெரியவர், ஒன்றில் குட்டி. மூன்றாவது ஸ்பேர்.

மறுநாள் தென்காசியில் பத்திரப் பதிவு. வாங்குகிறவர் நல்ல மனிதர். காபி வாங்கிக் கொடுத்து, "சாருக்கு மெட்ராஸா?" என்று கேட்டார். 'இல்லே, இந்த ஊருதான்' என்று சொல்ல வாயெடுத்தேன். அப்படிச் சொல்லிக்கொள்ள என்னிடம் இருந்ததே அந்த 30 சென்ட்தான். அதையும் அரைமணி நேரத்தில் எழுதிக் கொடுக்கப் போகிறேன்.

"அப்பாவுக்கு இந்த ஊரு" என்றேன்.

சாயங்காலம் ரயிலுக்கு முன்னால் குற்றாலம் போய்ப் பத்து நிமிஷம் அருவியில் நின்றேன். கடையில் மங்குஸ்தானும் ரம்புட்டானும் குவித்திருந்தார்கள். அதுவும் கிழக்கேயிருந்து வந்த சரக்குதான்; இப்போது கேட்டால் 'குற்றாலம் பழம்'.

*

பதினோராம் நாள் ரப்பர் பேண்டை எடுத்தேன். பெரியவர் விரல் பட்டதுமே கழன்று கையோடு வந்துவிட்டார். அப்பா தினமும் பார்த்தது அவரைத்தான். தொட்டியோரம் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு பயந்துகொண்டே குட்டியைத் தொட்டுப் பார்த்தேன். அசையவில்லை.

மட்டையைப் பாதிக்குப் பாதி பெருமணலும் செங்கல் தூளும் கலந்த மண்ணில் நட்டேன். வேர் விட்டுவிட்டது. குட்டி இப்போது சுண்டைக்காய் அளவு. ஜன்னல் பக்கத்து டெய்லி காலண்டரில் தண்ணீர் ஊற்றிய தேதிக்கு அம்மா பேனாவால் டிக் அடிக்கிறார். பத்து நாளைக்கு ஒரு டிக். ஆளுக்கு ஒரு தடவை கிடையாது.

போன வாரம் சித்தப்பா போன் பண்ணினார். வேலியை எடுத்தாகிவிட்டதாம்.

"ரெண்டு மட்டையை எடுத்தாந்து கொல்லையில நட்டு வச்சிருக்கேன்லே. அமெரிக்காக்காரன் ரோட்டுல கெடந்தான். பாவமா இருந்துச்சு."