எல்பே ஆற்றிலும் ஒரு பாதை

குருக்கள்மடத்தில் பிறந்த எங்களுக்குப் 'பாதை' என்றால் வீதி மட்டுமல்ல. வாவியைக் கடந்து அம்பிளாந்துறைக்கு ஆட்களையும் சைக்கிள்களையும் ஏற்றிச் செல்லும் மிதவையும் பாதைதான். சிறுவயதில் அம்மாவுடன் அதில் ஏறிப் படுவான்கரைக்குப் போயிருக்கிறேன். ஐம்பத்தாறு வயதில் இன்னொரு நாட்டில் இன்னொரு பாதையில் ஏறுவேன் என்று ஒருநாளும் நினைத்ததில்லை.

ஜேர்மனியின் ஹம்பேர்க் நகரில் என் தங்கை இருக்கிறாள். யுத்தகாலத்தில் அகதியாகப் போனவள். மகளின் கல்யாணத்துக்கு என்னை அழைத்திருந்தாள். கல்யாணம் முடிந்ததும், "அக்கா, சமையலறைக்குள்ளேயே நிக்காம வாங்க, ஊரைச் சுத்திப் பார்ப்பம்" என்று கூட்டிக்கொண்டு புறப்பட்டாள்.

துறைமுகம் என்றதும் கடலைத்தான் எதிர்பார்த்தேன். ஆனால் ஹம்பேர்க் கடற்கரையில் இல்லை. வடகடலில் இருந்து ஏறத்தாழ 100 கிலோமீற்றர் உள்ளே, எல்பே ஆற்றங்கரையில் இருக்கிறது. அதுவே ஜேர்மனியின் மிகப் பெரிய துறைமுகம். கொள்கலன் கப்பல்கள் ஆற்றின் வழியாகவே வந்து போகின்றன.

முதலில் 62 ஆம் இலக்கப் படகில் ஏறினோம். உல்லாசப் படகுக்கு வீணாகக் காசு கொடுக்கத் தேவையில்லை. பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் எடுக்கும் அதே ரிக்கற் இதற்கும் செல்லும். வேலைக்குப் போகிறவர்களும் சைக்கிள்காரரும் பிள்ளைகளும் எங்களோடு நின்றார்கள். "நம்மட அம்பிளாந்துறைப் பாதை மாதிரித்தான் என்ன?" என்றாள் தங்கை. இருவரும் சிரித்தோம்.

ஆற்றுக்கு அடியிலும் ஒரு வழி உண்டு. 1911 இல் திறந்த சுரங்கம் அது. துறைமுகத் தொழிலாளர் அக்கரைக்கு வேலைக்குப் போவதற்காகக் கட்டினார்கள். 24 மீற்றர் ஆழத்துக்கு இறங்கி, 426 மீற்றர் நடந்தால் மறுகரை வந்துவிடும். நடப்பவர்களுக்குக் கட்டணம் இல்லை.

ஞாயிறு விடியற்காலையில் மீன்சந்தைக்குப் போனோம். 1703 இல் இருந்து நடக்கும் சந்தை. கோயில் பூசைக்கு முன் மீனை விற்று முடிக்க அந்தக் காலத்தில் அனுமதித்தார்களாம். இப்போதும் காலை ஒன்பதரையோடு முடிந்துவிடுகிறது. மீனோடு பழமும் பூவும் கூவி விற்கிறார்கள். களுவாஞ்சிகுடிச் சந்தையில் நிற்பதுபோல் இருந்தது.

செங்கல்லால் கட்டிய பழைய பண்டகசாலைகள் வாய்க்கால் ஓரமாக வரிசையாக நிற்கின்றன. 1883 இல் கட்டத் தொடங்கியவை. 2015 இல் யுனெஸ்கோ உலக மரபுரிமையாக அறிவித்தது. கோப்பி, தேயிலை, வாசனைத் திரவியங்கள் எல்லாம் இங்கே வந்து இறங்கியிருக்கின்றன. இவற்றைக் கட்டுவதற்காக அங்கே குடியிருந்த ஏறத்தாழ 20,000 பேரை எழுப்பினார்களாம். அதைக் கேட்டதும் கட்டடத்தின் அழகோடு அந்தச் சனங்களின் நினைப்பும் வந்தது. இடம்பெயர்ந்தவர்களுக்குத்தானே அது விளங்கும்.

பிறகு நிக்கோலாய் தேவாலயத்துக்குப் போனோம். கோபுரம் மட்டும் கறுத்துப்போய் நிற்கிறது. கூரை இல்லை. 1943 ஜூலையில் நேச நாட்டு விமானங்கள் இந்த நகரில் குண்டு போட்டபோது 30,000 பேருக்கு மேல் இறந்தார்கள். திருத்திக் கட்டாமல் நினைவிடமாக விட்டிருக்கிறார்கள். லிப்ற்றில் 76 மீற்றர் உயரம் ஏறி நகரைப் பார்க்கலாம். மேலே நின்றபோது எனக்கு 1990 தான் நினைவுக்கு வந்தது. அந்த வருடம் வீட்டில் இருந்து கூட்டிச் செல்லப்பட்ட எங்கள் அண்ணன் திரும்பி வரவில்லை. தங்கையும் அதைத்தான் நினைத்தாள் போலும். என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

என் மனதை அதைவிட அசைத்தது வேறொன்று. வீடு திரும்பும்போது நடைபாதையில் உள்ளங்கை அளவான பித்தளைக் கல் ஒன்று மின்னியது. 'இங்கே வாழ்ந்தார்' என்று தொடங்கி, ஒரு பெயர், பிறந்த ஆண்டு, கொல்லப்பட்ட இடம். நாசிகள் கொண்டுபோய்க் கொன்ற யூதர்களுக்கும் மற்றவர்களுக்கும் அவர்கள் வாழ்ந்த வீட்டு வாசலிலேயே பதித்த கற்கள் இவை. ஹம்பேர்க்கில் மட்டும் ஆறாயிரத்துக்கு மேல் இருக்கின்றன. குண்டுக்கு இறந்த தம்மவரை நினைப்பது எல்லோரும் செய்வது. தம்மவர் கொன்றவர்களின் பெயரைத் தம் வாசலில் பதிப்பது லேசான காரியமா?

எங்கள் ஊர் வீதியும் கண்முன் வந்தது. 1990 ஜூலையில் காத்தான்குடிக்குத் திரும்பிக்கொண்டிருந்த முஸ்லிம் பயணிகள் குருக்கள்மடத்தில் மறிக்கப்பட்டுக் கொல்லப்பட்டார்கள். செய்தவர்கள் எங்கள் இனத்தின் பேரால் ஆயுதம் ஏந்தியவர்கள். அந்த வழியால் எத்தனை தடவை பஸ்ஸில் போயிருக்கிறேன். அதைப் பற்றி வீட்டில்கூட நாங்கள் வாய் திறந்ததில்லை. எங்கள் அண்ணனைப் பற்றி மட்டும் அழுதோம்.

ஊருக்கு வந்து சில நாட்களில், காத்தான்குடியில் இருந்து துணி கொண்டுவரும் அக்கா வந்தா. தேத்தண்ணி கொடுத்து, அந்தக் கற்களைப் பற்றிச் சொன்னேன். இந்த ஊரில் நடந்ததையும் முதற்தடவையாக அவவோடு கதைத்தேன். அவ துணிப்பொட்டலியைக் கட்டிக்கொண்டே கேட்டிருந்தா. பிறகு, "பேர் எழுதிக் கிடக்குமா, தங்கச்சி?" என்று கேட்டா.

"ஓம் அக்கா, ஆளுக்கொரு கல், பேரோட" என்றேன்.

"உங்கட அண்ணன்ட பேர் என்ன?" என்றா அவ.

இத்தனை வருடப் பழக்கத்தில் அன்றுதான் அதைச் சொன்னேன்.