அந்த மூணு ரன் எங்கே?

ப்ராஜெக்ட் ரிவ்யூ என்றால் ஒரு டேபிள் கட்டாயம். சிறந்த விடை இவ்வளவு, சராசரி இவ்வளவு. 'எத்தனை ரன்னின் சராசரி?' என்று கேட்டுப் பாருங்கள், பாதிப் பேர் சீலிங் ஃபேனைப் பார்ப்பார்கள் :-)

எனக்கு வாய்த்தது டிராவலிங் சேல்ஸ்மேன் கணக்கு. எல்லா ஊருக்கும் ஒருமுறை போய்விட்டுப் புறப்பட்ட இடத்துக்கே திரும்ப வேண்டும், குறைந்த தூரம் எது? சோதிக்க பெர்லின்52 டேட்டா. பெர்லினில் 52 இடங்கள், உத்தம விடை 7542. லேபில் பரம்பரையாகக் கைமாறி வரும் ஒரு ஜெனடிக் அல்காரிதம் ப்ரோக்ராமைக் கொடுத்தார்கள். ரேண்டம் எண்களை நம்பி ஓடுவதால் ரன்னுக்கு ஒரு விடை வரும். கையால் ஓட்டினால் என்ன ஆகும் தெரியுமா? நல்ல விடையை உடனே நோட்டில் எழுதுவோம். மோசமாக வந்தால் 'அது சும்மா டெஸ்ட்டுக்கு' என்று இன்னொரு தடவை ஓட்டுவோம். பொய் சொல்லும் எண்ணமே வேண்டாம், டேபிள் தானாகப் பொய்யாகிவிடும்.

ஆகவே பாஷ் ஸ்கிரிப்ட். நேரம் மிச்சமாவதெல்லாம் அப்புறம். 1 முதல் 30 வரை ஒரு ஃபார் லூப். லூப் எண்தான் ரேண்டம் ஸீட், அவுட்புட் ஃபைலின் பெயரிலும் அதே எண். (எல்லாவற்றுக்கும் ஒரே ஃபைல் பெயரைக் கொடுத்து ஒற்றை அம்புக்குறி போட்டால் கடைசி ரன் மட்டும்தான் மிஞ்சும்!)

ரன் முடிந்ததும் எக்ஸிட் கோடையும் எழுதி வைக்க வேண்டும். 0 என்றால் சுபம். 139 என்றால் செக்மென்டேஷன் ஃபால்ட். டைம்அவுட் கமாண்ட் மூலம் ஓட்டி, கொடுத்த நேரம் தாண்டினால் 124. இதில் ஒரு கண்ணிவெடி இருக்கிறது. அவுட்புட்டைப் பைப் போட்டு க்ரெப்புக்கு அனுப்பினால், பாஷ் சொல்வது க்ரெப்பின் கோடைத்தான். ப்ரோக்ராம் பாதியில் செத்திருந்தாலும் 0 வரலாம். ஸ்கிரிப்ட்டின் தலையிலேயே பைப்ஃபெயிலை ஆன் செய்துவிடுங்கள்.

ராத்திரி ஓடவிட்டுக் காலையில் பார்த்தால் 27 விடைகள், 3 இடத்தில் 124. பக்கத்து சீட் நண்பன், "மூணைத் தூக்கிடுடா, யாருக்குத் தெரியப் போகுது?" என்றான். 27-ன் சராசரி பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனாலும் '30-ல் 3 முடியவில்லை' என்று பக்கத்திலேயே ஒரு வரி சேர்த்தேன்.

ஸீட் கையில் இருந்ததால் அந்த மூன்றையும் அப்படியே மறுபடி ஓட்ட முடிந்தது. பாப்புலேஷன் முழுக்க ஒரே பாதையாகிவிட்டது. வேறுபட்ட இரண்டு பெற்றோரைத் தேடும் லூப் முடிவில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது. அந்த லூப் எத்தனை பேட்ச்சாக அங்கே இருக்கிறதோ!