செயினுக்கு ஒரு வேலி

கியர் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கென்று தனியாக ஒரு பயம் இருக்கிறது. மேடு வருகிறது. முன்பக்கம் பெரிய பல்சக்கரத்திலிருந்து சின்னதுக்கு மாற்றுகிறோம். செயின் சின்னதில் உட்காராமல் அதையும் தாண்டி உள்பக்கம் விழுகிறது. அழுத்தி மிதித்துக்கொண்டிருந்த காலுக்கு அடியில் திடீரென்று ஒன்றுமே இல்லை. எழுந்து நின்று மிதித்திருந்தால் நெஞ்சு ஹேண்டில்பாரில் இடிக்கும்.

திருமழிசையில் இந்தப் பயத்துக்குக் கனம் அதிகம். வெளியூர்க்காரர்களுக்கு இது திருமழிசை ஆழ்வார் பிறந்த ஊர். சைக்கிளில் கிளம்பும் எனக்கு இது சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் இருக்கிற ஊர். தொழிற்பேட்டை லாரிகள், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போகிற கம்பெனி பஸ்கள், நடுவில் ஓர் ஓரமாக நான். ஒரே மாதத்தில் இரண்டு தடவை செயின் கழன்றது. இரண்டாவது தடவை முழங்காலில் சிராய்ப்போடு வந்து நின்றதும் அம்மா முடிவாகச் சொல்லிவிட்டார். "லாரிக்கு முன்னாடி வுழுந்தா நான் யாரப் போய்க் கேக்கறது? ஒண்ணு அத சரி பண்ணு, இல்ல வித்துடு."

அப்படித்தான் செயின் கேட்சரைத் தேடிப் போனேன். விரல் நீளம்கூட இல்லாத அலுமினியத் துண்டு. சின்ன பல்சக்கரத்துக்கும் ஃப்ரேமுக்கும் நடுவில் சும்மா நிற்கும். செயின் உள்பக்கம் தாவினால் தடுத்து, மறுபடி பல்லின் மேலேயே தள்ளிவிடும். அவ்வளவுதான் அதன் வேலை.

பூந்தமல்லி போகிற வழியில் கடை வைத்திருக்கும் மெக்கானிக் அண்ணன் அதை உள்ளங்கையில் வைத்துப் புரட்டிப் பார்த்தார். "இன்னா தம்பி இது, காது கொடையறதா?" விஷயத்தைச் சொன்னதும் சிரிப்பை நிறுத்திவிட்டார். "மொதல்ல மாட்டக் கட்டு. அப்பால வேலி போடலாம்."

அவர் கை பழகியது அம்பத்தூரில் 1949இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் மாதிரியான கம்பெனிகளின் ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. வண்டிகளில். அந்த வண்டிகளில் முன்னால் ஒரு பல்சக்கரம், பின்னால் ஒன்று. செயின் நேர்கோட்டில் ஓடும். தளர்ந்தால்தான் கழலும், பின்சக்கரத்தை இழுத்து முடுக்கினால் சரியாகிவிடும். கியர் வண்டியின் கதை வேறு. டீரெய்லர் என்ற பிரெஞ்சுச் சொல்லுக்கே தடம்புரள வைப்பது என்றுதான் பொருள். ஓடுகிற செயினை வேண்டுமென்றே தடம்புரட்டி அடுத்த சக்கரத்தில் ஏற்றுவது அதன் தொழில். என் வண்டியில் முன்பக்கம் 50 பல்லும் 34 பல்லும். 16 பல் உயரத்திலிருந்து இறங்கும் செயின் எங்கே நிற்க வேண்டும் என்பதை டீரெய்லரில் இருக்கும் ஒரு சின்ன ஸ்க்ரூதான் தீர்மானிக்கிறது. அண்ணன் சொன்ன மாடு அதுதான்.

உலகத்தின் மிகச் சிறந்த வண்டிக்கும் இது நடந்திருக்கிறது. 2010 ஜூலை 19, டூர் டி பிரான்ஸ். மஞ்சள் ஜெர்சியில் இருந்த ஆன்டி ஷ்லெக், போர்ட் டி பாலேஸ் மலையேற்றத்தில் வேகமெடுத்தபோது செயின் கழன்றது. ஆல்பர்டோ கான்டடார் முந்திப்போனார். அன்று ஷ்லெக் அவரிடம் இழந்தது 39 வினாடி. பாரிஸில் பட்டத்தை இழந்ததும் அதே 39 வினாடியில். ஊக்கமருந்து வழக்கில் கான்டடாரின் வெற்றி ரத்தாகி, 2012இல் பட்டம் ஷ்லெக்குக்கு வந்தது வேறு கதை.

வேலையை ஆரம்பித்தோம். பின்பக்கம் பெரிய பல்லிலும் முன்பக்கம் சின்னதிலும் செயினைப் போட்டு, டீரெய்லர் கூண்டின் உள்தகடு செயினில் உரசாமல், ஆனால் மயிரிழை தூரத்தில் நிற்கும்படி ஸ்க்ரூவைத் திருப்பினார் அண்ணன். பிறகுதான் கேட்சர். டீரெய்லரை ஃப்ரேமோடு பிடித்திருக்கும் அதே போல்ட்டில்தான் இதுவும் உட்காருகிறது. போல்ட்டைத் தளர்த்தினால் டீரெய்லரும் நகர்ந்துவிடும் என்பதால், அது இருந்த இடத்தை முதலில் மார்க்கரால் குறித்துக்கொண்டார். பழைய போல்ட்டை எடுத்துவிட்டு, கேட்சரோடு வந்த நீளமான போல்ட்டைப் போட்டார். முறுக்கும்போது கேட்சரும் கூடவே சுற்றும். அதை நான் பிடித்துக்கொண்டேன், அவர் ஆலன் கீயால் முடுக்கினார். செயினுக்கும் அதன் நுனிக்கும் இடையே ஒரு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக இடைவெளி. கையால் பெடலைச் சுற்றி இருபது முப்பது தடவை கியர் மாற்றிப் பார்த்தோம். எங்கேயும் உரசல் இல்லை.

காசு வாங்கிக்கொள்ளும்போது அண்ணன் சொன்னதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. "இது இருக்குதுன்னு ஸ்க்ரூவ மறந்துடாத. செயின் வுழாம இது காப்பாத்திக்கினே இருக்கும், உள்ள கியர் கெட்டுப்போனது உனக்குத் தெரியவே தெரியாது."

உண்மைதான். கழன்று விழுகிற செயினாவது கோளாறைச் சொல்லிவிடுகிறது. கேட்சர் அந்தச் சத்தத்தை அடக்கிவிடும். ஆனால் அது வேறொரு வழியில் கணக்கு வைக்கிறது என்பதைப் போகப் போகக் கண்டுகொண்டேன். செயின் வந்து மோதும் ஒவ்வொரு தடவையும் அதன் கறுப்புப் பூச்சில் ஒரு கீறல் விழுகிறது. மாதம் ஒருமுறை துணியால் துடைத்து, டார்ச் அடித்துப் பார்க்கிறேன். புதுக் கீறல் இருந்தால் அந்த ஸ்க்ரூவைத் திரும்பப் பார்க்க வேண்டும் என்று அர்த்தம்.

இந்த மழைக்காலம் முடிந்து பார்த்தபோது இரண்டு கீறல்கள். இரண்டு தடவை செயின் தாவியிருக்கிறது, எனக்குத் தெரியவே இல்லை. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தவர், "அப்ப ரெண்டு தடவ வுழுந்திருப்ப" என்றார். விற்பதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஆலன் கீயை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.