இருளில் இங்கிதம்

'இங்கிதம்' என்ற சொல் இன்று பெரும்பாலும் பண்பான நடத்தை என்ற பொருளிலேயே வழங்குகின்றது. வடமொழியினின்று தமிழுக்கு வந்த இச்சொல்லின் பழைய பொருள் சைகை, குறிப்பு என்பதாகும். ஒருவர் வாய்திறந்து கூறாத எண்ணத்தை அவரது முகத்திலும் உடலசைவிலும் கண்டறிந்து அதற்கேற்ப ஒழுகுபவரே இங்கிதம் தெரிந்தவர். இப்பொருளிற் பார்க்குமிடத்து, இங்கிதம் மிகுதியாக வேண்டப்படும் இடம் விருந்து மண்டபமன்று. மேலைநாட்டு நகரங்களின் இரவுக் களியாட்ட விடுதியே எனலாம்.

இக்கூற்றுச் சிலருக்கு வியப்பளிக்கலாம். ஒழுக்கம் நெகிழ்கின்ற இடமென்றே அவ்விடுதி கருதப்பட்டு வருகின்றது. ஆயின் அங்குள்ள நிலைமையைச் சற்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். வெளிச்சம் மங்கல். இசையின் ஓங்கலிற் சொற்கள் செவிக்கு எட்டுவதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2022 இல் வெளியிட்ட நியமத்தில் இத்தகைய இடங்களுக்கு விதிக்கப்பட்ட மேலெல்லையே, 15 நிமிடச் சராசரியாக, 100 டெசிபல் ஆகும். கூடியிருப்போரிற் பெரும்பாலார் ஒருவரையொருவர் முன்பின் அறியாதவர். பலர் மது அருந்தியிருப்பர். சட்டத்தின் கண் வாயிலளவில் நின்றுவிடுகின்றது. உள்ளே ஆடும் ஒருவரின் பாதுகாப்பு, அவருக்கு அருகில் ஆடும் அந்நியரின் தன்னடக்கத்திலேயே பெரிதும் தங்கியுள்ளது.

சட்டம் இத்துறையிற் செய்யக்கூடியது என்ன என்பதற்கு வரலாறு விடை தருகின்றது. நியூயோர்க் நகரில் 1926 இல் இயற்றப்பட்ட சட்டம், உரிமம் பெறாத விடுதிகளில் மக்கள் நடனமாடுவதைத் தடைசெய்தது. அது நீக்கப்பட்டது 2017 இலேயாம். யப்பானில் 1948 ஆம் ஆண்டுச் சட்டம் நள்ளிரவின் பின் வாடிக்கையாளர் நடனமாடுவதைத் தடுத்துவைத்திருந்தது. 2015 இல் அது திருத்தப்பட்டது. ஆடலாம் என்றும் ஆடலாகாது என்றும் சட்டம் கூறவல்லது. எவ்வாறு ஆடவேண்டும், அருகில் ஆடுபவரை எவ்வாறு மதிக்கவேண்டும் என்பவற்றை அது கற்பிக்கவில்லை. அவற்றை ஆடியவர்களே தமக்குள் வகுத்துக்கொண்டனர்.

அவ்வாறு வகுத்தவர்களுள் முக்கியமானோர், பிற இடங்களில் மதிப்பு மறுக்கப்பட்டவர்களாய் இருந்தமை மனங்கொள்ளத்தக்கது. 1960களின் நியூயோர்க்கில் ஆணோடு ஆண் சேர்ந்தாடுவது பொலிசாரின் தலையீட்டுக்கு இடமளித்தது. 1969 ஜூன் 28 அன்று ஸ்ரோன்வோல் விடுதியிற் பொலிசார் நடத்திய சோதனையும் அதற்கெழுந்த எதிர்ப்பும் யாவரும் அறிந்தவை. அடுத்த ஆண்டு பெப்ரவரி 14 அன்று டேவிட் மன்கூசோ என்பவர், நகரின் புரோட்வே வீதியில் தாம் குடியிருந்த மாடியிலேயே நடனவிருந்தொன்றை நடத்தினார். பின்னர் அது 'லொஃப்ற்' எனப் பெயர் பெற்றது. அழைக்கப்பட்டவரும் அவர்தம் நண்பரும் மட்டுமே அங்கு வரலாம். மது விற்கப்படவில்லை, பழங்களும் பானங்களும் வந்தோர்க்கெல்லாம் பொதுவாக வைக்கப்பட்டன. தன்பாலீர்ப்புடையோர், கறுப்பினத்தவர், இலத்தீன் அமெரிக்க வழிவந்தோர் எனப் பலரும் அச்சமின்றிக் கூடி ஆடினர். விடுதிக்கு வந்தவர் வாடிக்கையாளர் என்ற நிலையிலிருந்து விருந்தினர் என்ற நிலைக்கு உயர்ந்தார். விருந்தினருக்கு உரிமையுண்டு, வீட்டை மதிக்கும் கடமையும் உண்டு.

பேர்லின் நகரத்தின் அனுபவமும் இதனை வலியுறுத்துகின்றது. மேற்கு பேர்லினில் மூடுநேரக் கட்டுப்பாடு 1949 இலேயே நீக்கப்பட்டிருந்தது. 1989 நவம்பரிற் சுவர் வீழ்ந்தபின், கிழக்குப் பகுதியில் வெறுமையாய்க் கிடந்த கட்டடங்களுள் இளைஞர் புகுந்தனர். பழைய பேரங்காடியொன்றின் நிலக்கீழ்ப் பெட்டக அறையில் 1991 இற் 'ரெசோர்' விடுதி திறக்கப்பட்டது. கைவிடப்பட்ட மின்நிலையமொன்றில் 2004 இல் அமைந்த 'பேர்க்ஹைன்' விடுதியிற் சனிக்கிழமை இரவு தொடங்கும் ஆட்டம் திங்கட்கிழமை காலை வரையில் நீள்வதுண்டு. 2016 இல் அந்நாட்டு நிதி நீதிமன்றமொன்று அங்கு நிகழ்வதை இசைநிகழ்ச்சியென ஏற்று, 19 வீத வரிக்குப் பதிலாக 7 வீத வரியே பொருந்துமெனத் தீர்த்தது. 2024 இற் பேர்லினின் ரெக்னோ இசைப் பண்பாடு ஜேர்மனியின் தேசிய மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. களியாட்டமெனத் தள்ளப்பட்ட ஒன்று பண்பாடென ஏற்கப்பட்டமைக்கு இசை மட்டும் காரணமன்று. அவ்விசையைச் சூழ வளர்ந்த நடைமுறைகளும் காரணமாகும்.

அந்நடைமுறைகளுள் முதன்மையானது கண்ணைப் பற்றியது. பேர்க்ஹைனுக்குள் நுழைவோரின் கைத்தொலைபேசிக் கமராவின்மேல் ஒட்டுத்தாள் ஒட்டப்படுகின்றது. உள்ளே எவரும் எவரையும் படம்பிடித்தலாகாது. களைத்து வியர்த்து, தன்னை மறந்து ஆடும் ஒருவரின் தோற்றம் அக்கணத்திற்கு மட்டும் உரியது. மறுநாட் காலையில் அலுவலகத்திலோ விரிவுரை மண்டபத்திலோ அது பிறரின் கைக்கு எட்டுமாயின் அவரது சுதந்திரம் பறிபோகின்றது. 'கண்ணோட்டம்' என்ற சொல் இன்று நோக்கு, கருத்து என்ற பொருளில் தேய்ந்துவிட்டது. வள்ளுவர் அதே பெயரில் வகுத்த அதிகாரத்தில் அதன் பொருள் வேறு: கண்ணின் ஈரம், பிறர்பால் இரங்கும் தன்மை. காணத்தக்கதைக் காண்பது போலவே, காணாதிருக்கத்தக்கதைக் காணாது விடுவதும் கண்ணோட்டத்தின் பாற்பட்டதே. நடனத்தளத்தில் ஒருவரை விடாது உறுத்து நோக்குதல் கையாற் றொடுதற்கு அடுத்த படியாகும்.

தொடுதலைப் பற்றிய விதி இதனினும் கண்டிப்பானது. நெரிசலிடையே தோள் உராய்வது தவிர்க்கமுடியாதது. அதற்கு ஒரு தலையசைப்பே போதிய மன்னிப்பு. ஆயின் வழிவிடுமாறு வேண்டுவோர் பிறர் இடுப்பிற் கைவைத்து விலக்குதல் இழிசெயல். ஒருவரோடு சேர்ந்தாட விரும்புபவர் அவர் காணும்படி முன்னின்று, இடைவெளி விட்டு ஆடலாம். அவர் முகம் மலர்ந்து திரும்பின் நன்று. அவர் முதுகைத் திருப்பினாலோ, ஓரடி பின்வாங்கினாலோ, தோழியின் பக்கம் நகர்ந்தாலோ அதுவே விடை. வாய்ச்சொல் கேளாத இடத்தில் இக்குறிப்புகளே மொழி. குறிப்புத் தெளிவற்றிருப்பின் அதனை மறுப்பென்றே கொள்ளல் வேண்டும். புன்னகையைச் சம்மதமெனக் கொள்வதும் தவறு. அச்சத்தாற் புன்னகைப்போரும் உளர். மதுவின் மயக்கத்தில் நிலைதடுமாறி நிற்பவரிடம் சம்மதம் கேட்பதற்கே இடமில்லை.

சிறிய ஒழுங்குகள் சில இதனோடு சேர்கின்றன. வரிசையில் நிற்போர் முந்தலாகாது. மது பரிமாறும் மேசையிற் பணத்தாளை ஆட்டிக் கூவலாகாது. நிறைந்த கிண்ணத்தோடு ஆடுவோரின் நடுவே புகலாகாது. தளத்தின் நடுவில் நின்று உரையாடலாகாது. ஆடும் இடம் ஆடுவோர்க்கே உரியது. இவையனைத்தும் ஒரே கருத்தின் கிளைகள்: ஒருவரின் இன்பத்திற்கான விலையை அடுத்தவர் செலுத்தலாகாது.

இவ்விங்கிதம் குறையுமிடத்து நேர்வது என்ன என்பதைப் பிரித்தானியா காட்டியது. 2016 இல் லிங்கன்ஷையர் மாவட்டத்தில் ஓர் ஏற்பாடு தொடங்கப்பட்டது. தமக்கு ஆபத்து நேருமென அஞ்சுபவர் விடுதிப் பணியாளரிடம் சென்று 'அஞ்ஜெலா' என்பவரைக் கேட்கவேண்டும். பணியாளர் குறிப்பறிந்து அவரைப் பாதுகாப்பாக வெளியேற்றுவார். 2021 ஒக்ரோபரில், பானங்களில் மயக்கமருந்து கலக்கப்படுவதாகவும் ஊசி ஏற்றப்படுவதாகவும் முறைப்பாடுகள் பெருகியபோது, பல்கலைக்கழக நகரங்கள் பலவற்றின் மாணவியர் விடுதிகளைப் புறக்கணித்து வீட்டிலிருந்தனர். முதலாவது ஏற்பாடு பயனுடையது. எனினும், உதவி கோருவதற்கு இரகசியச் சொல் தேவைப்படுகின்றதெனில், வெளிப்படையான 'வேண்டாம்' என்ற சொல் அங்கு மதிப்பிழந்துவிட்டது என்பதே பொருள். 'கிண்ணத்தைக் கையால் மூடிக்கொள், தனியே செல்லாதே' என்று பெண்ணுக்குக் கூறும் அறிவுரைகள் ஏராளம். தன் நண்பன் எல்லை மீறும்போது அவனது தோளைப்பற்றி அப்பால் அழைத்துச் செல்லுமாறு ஆணுக்குக் கூறும் அறிவுரை அரிது. இங்கிதத்தின் பளுவை ஆபத்துக்குட்படுவோரின் தலையிலேயே சுமத்துவது நாகரிகமாகாது.

கூடி வந்தோர் கூடியே திரும்புதல் இரவின் தலையாய கடமை. மிகுதியாகக் குடித்து மயங்கியவரை 'உறங்கி எழட்டும்' என்று மூலையிற் கிடத்திவிட்டுச் செல்லுதல் உயிருக்கே ஊறு விளைவிக்கலாம். வாந்தி மூச்சுக்குழலை அடைக்கக்கூடும். எழுப்பியும் எழாதவரை ஒருபக்கமாகச் சரித்துக் கிடத்தி, அருகிலிருந்து மூச்சைக் கவனித்து, அம்புலன்சை அழைத்தல் வேண்டும். அவர் எதை உட்கொண்டார் என்பதை மருத்துவ உதவியாளரிடம் ஒளியாது கூறல் வேண்டும். ஓரிரவின் இன்பம் கெட்டதே என்று அங்கலாய்ப்பவர் நண்பரென்ற பெயருக்கு உரியவரல்லர்.

களிப்போரின் கண்ணுக்கு எளிதிற் படாதோர் இரு திறத்தினர் உளர். ஒரு திறத்தினர் அவ்விரவில் உழைப்போர்: மேலங்கிகளைப் பொறுப்பேற்பவர், கிண்ணங்களைப் பொறுக்குபவர், கழிவறையைத் துடைப்பவர், விடியலில் வாடகைக் கார் ஓட்டுபவர். பிறர் ஓய்வு கொள்ளும் நேரமே இவர்களின் வேலைநேரம். இன்னொரு திறத்தினர் விடுதியைச் சூழ உறங்குவோர். அதிகாலை நான்கு மணிக்குத் தெருவிலெழும் சிரிப்பொலி, சிரிப்பவருக்கு இரவின் முடிவு. மேல்மாடியிற் கைக்குழந்தையோடு விழிப்பவருக்கு அது நாளின் தொடக்கம். விடுதிகளின் ஒலித்தடுப்பு வேலைகளுக்கெனப் பேர்லின் நகர அரசு 2018 இல் 10 இலட்சம் யூரோ நிதியொன்றை ஏற்படுத்தியது. சுவர்களுக்கு ஒலித்தடுப்பு அமைக்கலாம். வீதியிற் செல்வோரின் வாய்க்கு அதனை அமைக்க இயலாது.

ஓர் ஐயம் எஞ்சுகின்றது. இத்தகைய ஒழுங்குகள் மேட்டிமையின் வேலியாகவும் மாறிவிடுவதுண்டு. 1977 இல் நியூயோர்க்கில் திறக்கப்பட்ட 'ஸ்ரூடியோ 54' விடுதியின் வாயிலில், தோற்றமும் புகழும் பார்த்தே ஆட்கள் தெரிந்தெடுக்கப்பட்டனர். ஏனையோர் கயிற்றுக்கு வெளியே நின்றனர். பேர்க்ஹைனின் வாயிற்காவலரும் காரணம் கூறாது பலரைத் திருப்பியனுப்புகின்றனர். உள்ளிருப்போரைக் காப்பதற்கென்று தோன்றிய தேர்வு, வெளியிலிருப்போரை அவமதிப்பதற்கும் உதவுகின்றது. ஆகவே ஒரு விதியை மதிப்பிடும்போது, அது யாரைக் காக்கின்றது என்ற வினாவை எழுப்புதல் வேண்டும். கமராவை மூடும் ஒட்டுத்தாள் உள்ளிருக்கும் அனைவரையும் காக்கின்றது, அது இங்கிதம். சப்பாத்தின் விலையைப் பார்த்து இழுக்கப்படும் கயிறு எவரையும் காப்பதில்லை. அது வெறும் பகட்டு.

பகலில் மனிதரைப் பெயரும் பதவியும் உறவும் காக்கின்றன. பிறர் காண்பர் என்ற எண்ணமே பலரை நெறியில் நிறுத்துகின்றது. நள்ளிரவின் நடனத்தளத்தில் இவையெல்லாம் அகன்றுவிடுகின்றன. ஒருவர் தன்னருகே ஆடும் அந்நியரின் களிப்பையும் அச்சத்தையும் குறிப்பாலுணர்ந்து, வேண்டும்போது நெருங்கவும் வேண்டாதபோது விலகவும் கற்றிருப்பின், அவரிடத்துள்ள பண்பு பிறர்க்காகப் பூண்ட அணியன்று. வெளிச்சத்திற் கற்றதை அவர் இருளிலும் மறக்கவில்லை என்பதே அதற்குச் சான்றாகும்.