தாதாஜியின் நெல்

மகாராஷ்டிரம் என்றால் பருத்தியும் கரும்பும்தான் நினைவுக்கு வரும். ஆனால் விதர்பாவின் கிழக்குப் பக்கம், வைன்கங்கை ஆற்றை ஒட்டிய மாவட்டங்கள், நல்ல நெல் பூமி. அங்கே சந்திரப்பூர் மாவட்டம் நாக்பீட் வட்டத்தில் நாந்தேட் என்று ஒரு சிற்றூர். சீக்கியர்களின் குருத்வாரா இருக்கும் நாந்தேட் நகரம் வேறு, இது வேறு. இந்த ஊரில், ஒரு தலித் குடும்பத்தில் பிறந்து, மூன்றாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, வயலே கதி என்று வாழ்ந்தவர் தாதாஜி ராமாஜி கோப்ரகடே. 2018 ஜூன் 3-ம் தேதி, 79 வயதில் காலமானார்.

அவர் யாரென்று தெரியாமலேயே அவருடைய அரிசியைச் சாப்பிட்டவர்கள் ஏராளம்.

1983-ல் அவர் வயலில் படேல் 3 ரக நெல் விளைந்து நின்றது. கதிர் முற்றும் நேரத்தில் இரண்டு மூன்று கதிர்கள் மட்டும் மஞ்சள் சாயலில், சன்ன மணியோடு தனியாகத் தெரிந்தன. வேறொருவர் என்றால் அறுத்துக் களத்தில் சேர்த்துப் போட்டிருப்பார். தாதாஜி அவற்றைத் தனியே கொய்து, பிளாஸ்டிக் பையில் பத்திரப்படுத்தினார். அடுத்த பட்டத்தில் ஒரு சின்னப் பாத்தியில் விதைத்து, காட்டு விலங்கு வாய் வைக்காமல் சுற்றிலும் முள் அடைத்தார்.

நெல் தன் மகரந்தத்திலேயே சூல் கொள்ளும் பயிர். மாறுபட்ட கதிரைத் தனியே விதைத்து, கலவனைப் பிடுங்கிக்கொண்டே வந்தால் சில பட்டங்களில் ரகம் நிலைத்துவிடும். சொல்வது எளிது. ஒவ்வொரு தூராகக் குனிந்து பார்க்க வேண்டும். எது உயரம் மிஞ்சுகிறது, எது முந்திப் பூக்கிறது, எதன் மணி தடித்திருக்கிறது என்று கண் பழக வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, உலையில் போட வேண்டிய நெல்லை விதைக்கென்று ஒதுக்கி வைக்க வேண்டும். சிறு விவசாயி வீட்டில் அது வயிற்றைக் கட்டிச் செய்கிற காரியம். தாதாஜியின் வீடு அதைப் பல வருஷம் தாங்கியது.

1990 வாக்கில் ஊரின் பெரிய விவசாயி ஒருவர் அந்த விதையை வாங்கி நாலு ஏக்கரில் நட்டார். விளைச்சல் அமோகம். தளோதி சந்தைக்கு மூட்டைகள் போனபோது வியாபாரி ரகத்தின் பெயரைக் கேட்டார். பெயரே இல்லை. அந்நாளில் எச்.எம்.டி. கைக்கடிகாரத்துக்கு இருந்த மவுசில், நெல்லுக்கும் அதையே சூட்டிவிட்டார்கள். எச்.எம்.டி. அரிசி சந்திரப்பூரைத் தாண்டி, தெலங்கானா, சத்தீஸ்கர் வரை பரவியது.

1994-ல் அகோலா வேளாண் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் அவரிடமிருந்து விதை வாங்கிப் போனது. 1998-ல் அந்தப் பல்கலைக்கழகத்திலிருந்து 'பி.கே.வி. எச்.எம்.டி.' என்ற பெயரில் ஒரு ரகம் வெளிவந்தது. தாதாஜியின் விதையில் கலப்பு இருந்தது, தூய்மைப்படுத்தியது தாங்களே என்பது பல்கலைக்கழகத்தின் வாதம். தூய்மைப்படுத்தியிருக்கட்டும். அதுவும் உழைப்புதான். ஆனால் மூல விதை யாருடையது என்று முறையாக எழுதிவைக்க ஒரு வரி போதுமே! அந்த ஒரு வரிக்காக ஒரு மனிதர் ஆயுளின் மிச்சத்தையெல்லாம் மன்றாடிக் கழிக்க நேர்ந்தது பெரிய அநியாயம்.

இதற்கு நடுவில் குடும்பக் கஷ்டம் வேறு. மகன் நோயில் விழுந்தார். வைத்தியச் செலவுக்குத் தாதாஜி தம் நிலத்தை விற்றார். ரகம் ரகமாய் நெல்லைப் பார்த்துப் பார்த்து எடுத்த மண் கைமாறிப் போயிற்று. அப்பனாக அவர் வேறென்ன செய்ய முடியும்? பிறகு உறவினர் ஒருவர் கொடுத்த ஒன்றரை ஏக்கரில் மறுபடி பாத்தி கட்டினார். ஆராய்ச்சி நிற்கவில்லை. நாந்தேட் 92, நாந்தேட் சின்னோர், நாந்தேட் ஹீரா, விஜய் நாந்தேட் என்று ஊர்ப்பெயரை நெல்லில் ஏற்றினார். தம் பெயரின் முதலெழுத்துகளால் டி.ஆர்.கே. என்று ஒன்று. மொத்தம் ஒன்பது ரகங்கள்.

பாராட்டு வராமல் இல்லை. 2005-ல் குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் கையால் தேசியப் புத்தாக்க நிறுவனத்தின் விருது பெற்றார். ராமேஸ்வரத்தில் எளிய குடும்பத்தில் பிறந்து விஞ்ஞானியான கலாம், ஆய்வுக்கூடம் பார்க்காத இந்த விஞ்ஞானிக்கு விருது தந்தது பொருத்தம். 2010-ல் ஃபோர்ப்ஸ் இதழ், கிராமப்புற இந்தியாவின் சக்திமிக்க தொழில்முனைவோர் பட்டியலில் அவரைச் சேர்த்தது. கேமராக்கள் நாந்தேட்டுக்கு வந்தன, போயின. வறுமை மட்டும் போகவில்லை. பக்கவாதம் தாக்கிப் படுத்தவர், கட்சிரோலி மாவட்டத்தின் சோத்கிராம் மருத்துவமனையில் உயிர் விட்டார்.

தாதாஜி கதிர் கொய்த காலத்தில் இல்லாத ஒன்று இன்று இருக்கிறது. 2001-ன் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டப்படி, விவசாயி தாம் உருவாக்கிய ரகத்தைத் தம் பெயரிலேயே பதிவு செய்யலாம். அதற்குக் கட்டணமும் கிடையாது. உங்கள் ஊரிலும் நல்ல கதிரைத் தனியே கொய்து வைக்கும் பெரியவர் ஒருவர் இருக்கலாம். அவரை அழைத்துக்கொண்டு மாவட்ட வேளாண்மை அலுவலகத்துக்குப் போங்கள். அவர் இருக்கும்போதே அந்த ரகத்தை அவர் பெயரில் எழுதி வையுங்கள்.