சாவி கொடுத்தால் ஓடும்

கொலு வைக்கிற வீடுகளில் படிக்குப் பக்கத்தில் மணல் பரப்பி, கேழ்வரகு முளைக்கவிட்டு ஒரு 'பார்க்' போடுவார்கள். அந்தப் பார்க்கின் சாலையில் நிற்கிற சாவி கார்கள் பெரும்பாலும் தாத்தா காலத்தவை. ரங்கூன், பினாங்கு, சிங்கப்பூர் என்று போய்வந்தவர்கள் பெட்டியில் கொண்டுவந்தவை. கல்பாக்கத்து நண்பர் வீட்டில் அப்படியொரு தகரக் கார் பல வருடங்களாக நின்றது நின்றபடியே இருந்தது. போன நவராத்திரிக்கு அது ஓடியது. "செங்கல்பட்டுல ஒரு பாய் இருக்கார், அவர்கிட்ட கொடுத்தேன்" என்றார் நண்பர். நானும் போய்ப் பார்த்தேன்.

பஜாரில், இரண்டு துணிக்கடைகளுக்கு நடுவே அவருடைய வாட்ச் ரிப்பேர் கடை. ஒரு கண்ணாடி மேசை, ஒரு ஸ்டூல், சுவரில் பேட்டரி மாற்றக் காத்திருக்கும் கடிகாரங்கள், அவ்வளவுதான். மேசை இழுப்பறையைத் திறந்தால்தான் பொம்மைகள் தெரியும்.

அன்று அவர் கையில் இருந்தது ஜப்பான் கார். அடிப்பாகத்தில் 'மேட் இன் ஆக்குபைடு ஜப்பான்' என்று பொறித்திருந்தது. போரில் தோற்ற ஜப்பான் 1952 வரை நேச நாட்டுப் படைகளின் பிடியில் இருந்தபோது ஏற்றுமதிக்குச் செய்தது. மேல்கூட்டையும் அடித்தட்டையும் இணைப்பது ஆணி அல்ல, ஓட்டையில் நுழைத்து மடக்கிய சிறு தகரக் காதுகள். "இந்தக் காது ரெண்டு மூணு வாட்டிதான் மடங்கும் தம்பி. அதுக்கு மேல கையோட வந்துரும்" என்றபடி, ஒவ்வொரு காதையும் மெல்லிய தட்டையான உளியால் மயிரிழை மயிரிழையாக நிமிர்த்தினார். கூட்டைத் திருப்பிக் காட்டினார். வெளியே பளபளக்கும் நீலம். உள்ளே வேறேதோ டப்பாவின் அச்செழுத்துகள், பாதி வெட்டுப்பட்டு, தலைகீழாக. கோசுகே மாட்சுசோ என்பவர் 1945-ல் அமெரிக்கப் படையினர் தின்றுவிட்டு வீசிய டப்பாத் தகரத்தில் ஜீப் செய்து விற்றதைப் படித்திருக்கிறேன். அந்த வகைத் தகரம் ஒன்றை அன்றுதான் கையில் தொட்டுப் பார்த்தேன்.

உள்ளே இருப்பது எளிய இயந்திரம். சாவியைத் திருகினால் எஃகுப் பட்டை சுருண்டு இறுகும். அது பிரியும் வேகத்தில் பல்சக்கரங்கள் சுழன்று பின்அச்சைத் தள்ளும். பழைய கார்களில் பாதிக்கு ஸ்பிரிங்கில் கோளாறே கிடையாது. "எண்ணெய ஊத்தியே கொன்னுர்றாங்க. தேங்காயெண்ணெய், தையல் மெஷின் எண்ணெய், கையில கிடைக்கிறதெல்லாம்." அந்த எண்ணெய் தூசியோடு சேர்ந்து பிசினாகிப் பற்களை ஒட்டிவிடும். பெட்ரோலில் ஊறவைத்துப் பிரஷ்ஷால் தேய்த்து, வாட்ச் எண்ணெயை ஊசிமுனையில் தொட்டு வைத்தால் போதும்.

அறுந்த ஸ்பிரிங்தான் பெரிய வேலை. நடுத்தண்டைக் கவ்வும் முனைதான் பெரும்பாலும் போகும். புது ஓட்டை போட வேண்டும். ஆனால் விறைத்த எஃகில் ஓட்டை போட்டால் தெறித்துவிடும். ஆகவே முனையில் ஒரு விரற்கடை மட்டும் ஸ்பிரிட் விளக்கில் சிவக்கக் காய்ச்சி, தானாக ஆறவிடுகிறார். சூடு அதற்கு மேல் ஏறினால் ஸ்பிரிங்கின் விறைப்பே போய்விடும் என்பதால் மீதிப் பட்டையைக் குறட்டால் கவ்விப் பிடித்துக்கொள்கிறார். நிறம் பார்த்துச் சூடு அறியும் இந்த வித்தையை அவர் எந்த வாட்ச் கடையிலும் கற்கவில்லை. மாமல்லபுரத்தில் சிற்பிகளின் உளிகளுக்குத் தோய்ச்சல் கொடுக்கும் கொல்லர் ஒருவரின் உலைக்கு எதிரே உட்கார்ந்து கற்றது. வைக்கோல் மஞ்சள் எது, கத்தரிப்பூ நிறம் எது, நீலம் எது என்று அவர் சொல்லித் தந்தாராம்.

பாய் தொழில் பழகியது மூர் மார்க்கெட்டில். சென்ட்ரல் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் 1900-ல் திறந்த அந்தச் சிவப்புக் கட்டடத்தில் பழைய புத்தகம், கிராமபோன், புறா, பொம்மை என்று கிடைக்காத பொருள் இல்லை. தாய்மாமா கடையில் எடுபிடியாகச் சேர்ந்தவருக்குச் சாவி பொம்மைகளைப் பிரித்துப் பூட்டுவதே விளையாட்டு. நம் கண்ணெதிரே, 1985 மே மாதம் அந்த மார்க்கெட் எரிந்தது. மாமாவின் கடையில் மிஞ்சியது கருகிய பல்சக்கரங்கள்தாம். "ஒரு டப்பா நெறைய பொறுக்கினேன்" என்றார். அந்த டப்பா இன்னும் மேசைக்கடியில் இருக்கிறது. அதிலிருந்து இன்றும் ஒரு சக்கரம் யாருக்காவது பொருந்துகிறது. பிறகு செங்கல்பட்டு. எச்எம்டி வாட்சுகள் சோறு போட்டன. குவார்ட்ஸ் வந்தது, செல்போன் வந்தது, 2016-ல் எச்எம்டி வாட்ச் கம்பெனியையே மூடினார்கள். இரண்டு பிள்ளைகளும் மறைமலைநகர்ப் பக்கம் கார் உதிரிபாகக் கம்பெனிகளுக்குப் போகிறார்கள். பொம்மை வேலையைப் பழகிக்கொள்ள யாரும் வரவில்லை.

அவரோடு திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரத்துக்குப் பஸ்ஸில் போனேன். கடலோரம் குடியிருக்கும் சேகரிப்பாளர் ஒருவர் வரச் சொல்லியிருந்தார். ஒரு கண்ணாடி அலமாரி நிறையக் கார்கள்: லைன்ஸ் பிரதர்ஸின் மினிக் லாரிகள், நியூரம்பர்க் ஷூகோவின் எக்ஸாமிகோ. 1936-ல் வந்த எக்ஸாமிகோவுக்கு முன்னோக்கி நான்கு கியர், ரிவர்ஸ், கிளட்ச் எல்லாம் உண்டு. உள்ளங்கைக்குள் அடங்கும் வண்டிக்கு இத்தனையா என்று நான் வியந்து நிற்க, பாய் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு சக்கர விளிம்புகளைப் பார்த்தார். உப்புக்காற்று. தகரம் மடங்கும் இடத்திலெல்லாம் செம்புள்ளி. உப்புத்தாளால் தேய்த்தால் அச்சிட்ட வண்ணமும் சேர்ந்து போய்விடும். துணியில் துளி எண்ணெய் வைத்து மெல்லத் துடைத்து, அலமாரியைக் கடல் பக்கச் சுவரிலிருந்து மாற்றச் சொன்னார். சேகரிப்பாளர் கேட்டதற்கு மேலேயே கூலி கொடுத்தார். இப்படிப்பட்டவர்கள் குறைவு.

மிச்ச வேலையெல்லாம் புரோக்கர் வழியாக வருகிறது. பழைய வீட்டைக் காலி செய்கிறவர்கள் காயலான் கடையில் எடைக்குப் போடுகிறார்கள். அங்கே கிலோ கணக்கில் வாங்கும் புரோக்கர் பாயிடம் கொண்டுவருகிறார். ஒரு வாரம் கண் வலிக்க வேலை பார்த்தால் கிடைப்பது ஒரு வேளை பிரியாணிக் காசு. அதே கார் இணையத்தில் ஆயிரங்களில் விற்கிறது, 'அசல், ஓடும் நிலையில்' என்ற வரியோடு. ஓட வைத்தவர் யார் என்று எங்கும் இல்லை. வாங்குகிறவர் நேரே வந்துவிடக் கூடாதென்று பாயின் போன் நம்பரைக்கூடப் புரோக்கர் சொல்வதில்லை. மேல்வண்ணம் அடித்துப் புதிதாக்கு என்பார். இல்லையென்றால் புதுப் பொம்மையைத் துருப்பிடிக்க வைத்துப் பழசாக்கு என்பார். இரண்டுக்கும் பாய் மறுக்க, வேலையும் குறைகிறது.

மாமல்லபுரத்தில் 1957-லேயே அரசு சிற்பப் பயிற்சிக்கு இடம் அமைத்தது. இன்று அது கல்லூரி. 2017-ல் அந்த ஊர்க் கற்சிற்பங்களுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. கிடைக்க வேண்டியதுதான். ஆனால் செய்கிறவனுக்கு உள்ள மரியாதையில் கால்வாசிகூடப் பழுது பார்க்கிறவனுக்கு நம்மிடம் இல்லை. அவனுக்குச் சங்கம் இல்லை, சான்றிதழ் இல்லை, அருங்காட்சியகங்களில் வேலை இல்லை. பாயைப் போன்ற ஒருவரை வாரம் ஒரு நாள் ஐடிஐ-க்கு அழைத்து மாணவர்கள் முன் உட்கார வைக்க என்ன செலவாகிவிடும்?

உங்கள் வீட்டுப் பரணில் சாவி கார் இருந்தால் எடைக்குப் போடாதீர்கள். எண்ணெய் ஊற்றாதீர்கள். முழுக்க முறுக்கிய நிலையில் எடுத்து வைக்காதீர்கள். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கக்கூடும், வாயில் வைக்கும் வயதுக் குழந்தையிடம் தராதீர்கள். உங்கள் ஊரிலும் வாட்ச் ரிப்பேர் பார்க்கும் பெரியவர் ஒருவர் இருப்பார். நேரே அவரிடம் கொண்டுபோங்கள். கேட்கிற கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள்.