அம்மா கையிலிருந்து வாங்கிய குடம்

2018இல் திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்கால் வீட்டில் போர் போட்டேன். மோட்டார் வைத்து, மொட்டைமாடியில் டேங்க் ஏற்றினேன். அதுவரை அம்மா வாசல் குழாயிலிருந்து பின்கட்டுத் தொட்டிக்குத் தினமும் ஏழெட்டுக் குடம் தண்ணீர் எடுப்பாள். அப்போது அவளுக்கு 67 வயது. டேங்கில் தண்ணீர் ஏறிய அன்று, அவள் இடுப்பிலிருந்த குடத்தை நானே வாங்கிக் கீழே வைத்தேன்.

“இனிமே நீ எதையும் தூக்கக் கூடாதும்மா.”

அரிவாள்மனை பரணுக்குப் போனது. காய் அரிவது மேஜைக்கு மாறியது. பாத்திரம் துலக்க ஆள் வைத்தேன். மகனாக என் கடமையைச் செய்துவிட்டேன் என்று மனசார நம்பினேன்.

அதே வருஷம்தான் நான் ஜிம்மில் சேர்ந்தேன். டம்பெல்லை மடக்கி மடக்கித் தூக்கினால் பத்தே நிமிடத்தில் சட்டைக் கை இறுகும். வீட்டுக்கு வந்து குளித்து முடிப்பதற்குள் வடிந்துவிடும். “அது ரத்தம் சார், சதை இல்ல” என்றார் மாஸ்டர். வேலை செய்யும் தசைக்கு ரத்தம் பெருகி ஓடுகிறது. ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து தசைக்குள் இறங்குகிறது. அந்த வீக்கம் சற்று நேரத்துக்குத்தான்.

வளர்ச்சி அதற்குப் பிறகு, ஓய்வில் நடக்கிறது. பளுவின் இழுவிசையை உணர்ந்த தசைநார் ஒன்றிரண்டு நாளுக்குப் புரதத்தை வழக்கத்தைவிட வேகமாகக் கட்டுகிறது. நாரை ஒட்டி உறங்கிக் கிடக்கும் சிறிய செல்களும் விழித்து அதோடு இணைகின்றன. விஞ்ஞானி அலெக்சாண்டர் மௌரோ 1961இல் கண்டு சொன்னவை அவை. நார்களின் எண்ணிக்கை கூடுவதில்லை என்றே சொல்லலாம்; இருக்கும் நார்தான் பருமனாகிறது. முதல் சில வாரங்களில் கூடும் பலமோ பெரும்பாலும் நரம்பு பழகியதால் வருவது. பளு நின்றால், கட்டியதை உடம்பே கரைத்துவிடும்.

இவ்வளவும் கேட்டுத் தெரிந்துகொண்ட எனக்கு, வீட்டில் அம்மாவுக்கும் தசை இருக்கிறது என்று தோன்றவே இல்லை.

2022 கார்த்திகை தீபம். வாசல் தரையில் உட்கார்ந்து அகல்களுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள் அம்மா. மாலை ஆறு மணிக்கு மலையுச்சியில் தீபம் தெரிந்ததும் தெருவே எழுந்து நின்று கும்பிட்டது. அம்மா இரண்டு உள்ளங்கையையும் தரையில் ஊன்றினாள். இடுப்பு ஒரு சாண் எழும்பித் திரும்பவும் உட்கார்ந்துவிட்டது. மறுபடி முயன்றாள். எண்ணெய்க் கை வழுக்கியது. உட்கார்ந்தபடியே மலையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, “ஏந்துக்க முடியலடா” என்றாள். பௌர்ணமிதோறும் 14 கிலோமீட்டர் கிரிவலம் நடந்த கால்கள் அவை.

மூட்டுத் தேய்மானம் என்று நினைத்துத்தான் அழைத்துப் போனேன். பிசியோதெரபிஸ்ட் அம்மாவை நாற்காலியில் உட்காரவைத்து, கையை மார்பில் கட்டிக்கொண்டு எழச் சொன்னார். ஒருமுறைகூட முடியவில்லை. இஞ்ச் டேப்பால் தொடையைச் சுற்றி அளந்தார். “முட்டியைவிட தொடைதான் பிரச்சினை. சதையே இல்லையே, வேலையே கொடுக்கலையா?” என்றார்.

நான் தலை குனிந்தேன்.

71 வயதில் இனிச் சதை வளருமா என்று கேட்டதற்கு, பாஸ்டன் முதியோர் இல்லம் ஒன்றில் மரியா ஃபியட்டரோன் குழுவினர் நடத்தி 1990இல் வெளியிட்ட ஆய்வைச் சொன்னார். பத்துப் பேர், சராசரி வயது 90. எட்டு வாரம் காலால் கனமான பளு தூக்கினார்கள். முடித்த ஒன்பது பேருக்குப் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. தொடைத் தசையின் பரப்பு 9 சதவீதம் பெருத்தது.

மறுநாளே தொடங்கினோம். நாற்காலியில் இரண்டு தலையணை போட்டு உயர்த்தி, உட்கார்ந்து எழுவது. பழகப் பழக ஒரு தலையணையை எடுத்தோம், பிறகு இன்னொன்றை. என் பழைய பேண்ட் துணியில் பை தைத்து, அரைக் கிலோ மணல் நிரப்பிக் கணுக்காலில் கட்டினோம். அது மெல்ல மெல்ல இரண்டு கிலோ ஆனது. வாரத்தில் மூன்று நாள், நடுவில் ஒருநாள் ஓய்வு. தினமும் இரண்டு முட்டை. வெள்ளியும் கிருத்திகையும் வந்தால் முட்டைக்குப் பதில் கொண்டைக்கடலைச் சுண்டல். முதல் வாரம் தொடை வலிக்கிறது என்றாள். எனக்குப் பழைய பயம் வந்து, “போதும்மா” என்றேன். “நீ சும்மா இருடா” என்று எண்ணிக்கையைத் தொடர்ந்தாள்.

பன்னிரண்டு வாரத்தில் தொடைச் சுற்றளவு ஒன்றரை சென்டிமீட்டர் கூடியிருந்தது. அடுத்த தீபத்தன்று கையில் அகலோடு தரையிலிருந்து எழுந்தாள். கரண்ட் இல்லாத நாளில் இப்போது அரைக் குடம் தண்ணீர் அவளே தூக்குகிறாள். நான் வாங்குவதில்லை.

உங்கள் வீட்டுப் பெரியவரையும் கையை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஒருமுறை எழச் சொல்லிப் பாருங்கள். முடியவில்லை என்றால் டாக்டரிடம் காட்டி, அவர் சரி என்றதும் பளுவைக் கொடுங்கள். பக்கத்திலேயே நில்லுங்கள்.